ஓபல் மரம் தேடி எடுப்பது எப்படி: சாடில் மலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கல் சேகரிப்பில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் சுத்தியோடு தொடங்குகிறார்கள். எங்கே தோண்டலாம், எவ்வளவு எடுக்கலாம், எடுத்ததை எப்படிக் காக்கலாம் என்பதெல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. ஓபல் மரத்தை, அதாவது ஓபல் என்னும் கல்லாக மாறிய பழங்கால மரத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை இரண்டு வகையில் கெடுக்கும். எடுத்த இடம் தவறாக இருந்தால் அபராதம். இடம் சரியாக இருந்தும் கல்லை வெயிலில் காயவிட்டால் ஒரே வாரத்தில் விரிசல்.

இங்கே சொல்லப்போவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றுக்குக் கிழக்கே மட்டாவா ஊரை ஒட்டி நீளும் சாடில் மலைகளைப் பற்றி. சியாட்டிலில் இருப்பவர்கள் விடியற்காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். நெவாடா, ஐடஹோ பக்கம் போகிறவர்களுக்கும் முறை இதுவேதான். நில விவரம் மட்டும் மாறும்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணுக்குள் புதைந்த மரத்தில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டால் அது கல்மரம். அந்தச் சிலிக்கா படிகமாகாமல், நீரைத் தன்னுள் வைத்துக்கொண்டு உறைந்திருந்தால் ஓபல். காலம் போகப் போக ஓபல் நீரை இழந்து, படிகச் சிலிக்காவான கால்செடனியாகவும் குவார்ட்ஸாகவும் மாறும். இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அரிசோனா கல்மரம் குவார்ட்ஸாக இருப்பதும், சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு வயதுள்ள சாடில் மலை மரத்தில் இன்னும் ஓபல் மிஞ்சியிருப்பதும் அதனால்தான்.

இங்கே கிடைப்பது சாதாரண ஓபல். திருப்பினால் வண்ணங்கள் மின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெண்மை, தேன் நிறம், பழுப்பு, கறுப்பு ஆகிய நிறங்களில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். ஆண்டு வளையங்களும் மரத்தின் நுண்துளைகளும் தெளிவாகத் தெரியும். இந்த மரத்தின் அழகே அந்தத் தெளிவுதான்.

போகும் வழியில் வான்டேஜ் ஊரிலுள்ள கிங்கோ கல்மரக் காட்டு மாநிலப் பூங்காவில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். அங்கே ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. ஆனால் கல்லாகிப்போன மரத்தை விதவிதமாகப் பார்த்துக் கண் பழகிவிட்டால், மலையில் நூறு கற்களுக்கு நடுவே ஒன்றைப் பிரித்தறிவது எளிது.

2. நிலம் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

மொத்த வேலையிலும் முக்கியமான படி இது. புதியவர்கள் அதிகம் தவறுவதும் இங்கேதான்.

சாடில் மலை ஒரே கையில் இல்லை. நில மேலாண்மைத் துறையான பி.எல்.எம். வசமுள்ள கூட்டரசு நிலம், மாநில அரசு நிலம், தனியார் நிலம் எல்லாம் கட்டம் கட்டமாகக் கலந்து கிடக்கின்றன. பல இடங்களில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை. மலைக்குத் தெற்கே ஹான்ஃபோர்ட் ரீச் தேசிய நினைவிடம் இருக்கிறது. அங்கே கல் எடுக்கத் தடை. ஒரு சரிவில் அனுமதி இருப்பதால் அடுத்த சரிவிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது:

முதலில் பி.எல்.எம். வெளியிடும் நில உரிமை வரைபடத்தில் நீங்கள் போகும் இடத்தின் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்னும் நிலக் கட்ட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு செக்‌ஷன் என்பது ஏறக்குறைய ஒரு சதுர மைல். அமெரிக்க நிலப் பதிவுகள் இந்த எண்களைக் கொண்டே நடக்கின்றன. நீங்கள் அலுவலகத்தில் கேட்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து நில எல்லைகளைக் காட்டும் ஆன்எக்ஸ் போன்ற ஒரு செயலியில் அதே இடத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. செயலி எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் காட்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகுவது சாதாரணம், அந்தச் சில மீட்டரில் நிலத்தின் சொந்தக்காரரே மாறிவிடலாம்.

மூன்றாவதாக, வெனாச்சியிலுள்ள பி.எல்.எம். களஅலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, குறித்துவைத்த செக்‌ஷன் எண்ணைச் சொல்லி, “இங்கே கல்மரம் எடுக்கத் தடை ஏதும் இருக்கிறதா, சாலை திறந்திருக்கிறதா, தீத் தடை இருக்கிறதா” என்று மூன்றையும் கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள்.

நான்காவது, மைனிங் க்ளெய்ம், அதாவது ஓரிடத்தில் கனிமம் எடுக்க ஒருவர் பதிவுசெய்து வைக்கும் உரிமை. 1962ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கல்மரத்துக்காக மட்டும் கூட்டரசு நிலத்தில் புதிதாக க்ளெய்ம் போட முடியாது. ஆனால் வேறு கனிமத்துக்காகவோ, விலையுயர்ந்த ஓபலுக்காகவோ ஒருவர் க்ளெய்ம் வைத்திருக்கலாம். நெவாடாவில் இது மிகச் சாதாரணம். பி.எல்.எம்.மின் இணையப் பதிவேட்டில் செக்‌ஷன் எண்ணைக் கொண்டு தேடலாம். களத்தில் மூலைக்கு மூலை மரக்கம்பம், அதில் காகிதம் வைத்த குப்பி என்று தென்பட்டால் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

தேசியப் பூங்கா, மாநிலப் பூங்கா, பழங்குடியினர் நிலம் ஆகிய இடங்களில் எடுக்கலாமா என்ற கேள்வியே வேண்டாம். தேசியக் காடுகளில் விதி இடத்துக்கு இடம் மாறும். ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும்.

இதை வாசித்துவிட்டு, ஊருக்குப் போகும்போது திருவக்கரையிலும் சாத்தனூரிலும் முயலலாமா என்று யாருக்காவது தோன்றினால்: கூடாது. அவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள். விரல் அளவுத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது.

3. எடைக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

திறந்திருக்கும் பி.எல்.எம். நிலத்தில் சொந்த உபயோகத்துக்குக் கல்மரம் எடுக்க அனுமதிச் சீட்டோ கட்டணமோ தேவையில்லை. ஆனால் அளவு உண்டு. ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும், அதற்கு மேல் ஒரு தனித்துண்டும் எடுக்கலாம். ஒரு காலண்டர் ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டைத் தாண்டக் கூடாது. கிலோவில் சொன்னால் நாளுக்கு 11.3, ஆண்டுக்கு 113.

இதில் மூன்று குழப்பங்கள் அடிக்கடி வரும்.

“ஒரு துண்டு” என்பது எடையற்ற சலுகை அன்று. அதன் எடையும் ஆண்டுக் கணக்கில் சேரும். 60 பவுண்டு அடிமரம் ஒன்றைத் தூக்கி வந்தால் அந்த ஆண்டுக் கணக்கில் கால்வாசி போய்விட்டது.

நான்கு பேர் தங்கள் பங்கை ஒன்றாகச் சேர்த்து 250 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரே அடிமரத்தை எடுப்பது செல்லாது. அந்த அளவுத் துண்டுக்குத் தனி அனுமதி வேண்டும்.

எடுத்ததை விற்கக் கூடாது. வணிகர்களிடம் பண்டமாற்றாகக் கொடுக்கவும் கூடாது. மெருகேற்றி மோதிரமாக்கினால் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால் கட்டணச் சுரங்கம் அல்லது தனியார் நிலத்துக்குப் போங்கள்.

பயணப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று வாங்கிக் காரில் வையுங்கள். கண்ணளவு இங்கே ஏமாற்றும்: சேகரிப்பவர்கள் கொண்டுபோகும் ஐந்து கேலன் வாளியில் பாதி நிரம்பினாலே ஏறக்குறைய நாள் அளவு வந்துவிடும். ஒரு குறிப்பேட்டில் தேதி, செக்‌ஷன் எண், எடை மூன்றையும் எழுதுங்கள். அதிகாரி யாராவது நிறுத்திக் கேட்டால் இதைக் காட்டலாம்.

இன்னொன்று. தோண்டும்போது எலும்போ பல்லோ தென்பட்டால் அப்படியே விட்டுவிட்டு இடத்தைக் குறித்து பி.எல்.எம்.முக்குத் தெரிவியுங்கள். முதுகெலும்புள்ள உயிரிகளின் புதைபடிவங்களை அனுமதியின்றி எடுப்பது 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அம்புமுனை, செதுக்கிய கல் போன்ற தொல்பொருட்களுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீள் எலும்பும் சிறு கிளையும் சேற்றோடு பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்; நுனியை மட்டும் கழுவிப் பாருங்கள். நுனியில் வளையமோ நாரோ இல்லாமல் பஞ்சுபோன்ற துளைகள் தெரிந்தால் அது எலும்பாக இருக்கலாம்.

4. பருவமும் கருவிகளும்

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முடிய உள்ள வாரங்களும் ஏற்றவை. கோடையில் மேலே நிழலே கிடையாது. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தினால் அடியிலுள்ள சூடான புகைக்குழாயே தீப்பற்ற வைத்துவிடும். குளிர்காலத்தில் களிமண் சாலை சறுக்கும். மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம்.

சுத்தி: 22 அவுன்ஸ் புவியியல் சுத்தி போதும். கூடவே ஒரு மண்வெட்டி, மூன்றடி கடப்பாரை, சிறு கைக்கொத்து, இரண்டு மூன்று பழைய ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் பிரஷ், தலைக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை. இயந்திரக் கருவிகளும் வெடிபொருளும் சட்டப்படி கூடாது. பேட்டரியில் ஓடும் உடைப்பான்கூட வேண்டாம்.

புதியவர்கள் மறப்பது பொதி பொருட்களைத்தான். பழைய செய்தித்தாள், ஜிப் உறைகள், தண்ணீர் தெளிக்கும் குப்பி, அழியாத மார்க்கர், பிரிந்த துண்டுகளைச் சேர்த்துக் கட்ட நூல். கடப்பாரையை மறந்தால்கூட நாள் ஓடிவிடும். செய்தித்தாளும் உறையும் இல்லாமல் ஓபல் எடுத்தால் நல்ல துண்டே முதலில் கெடும்.

குடிநீர் ஆளுக்கு நான்கு லிட்டர். விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு இங்கே உண்டு. பழைய குழிக்குள் கையை விடுவதற்கு முன் கடப்பாரையால் தட்டுங்கள். வசந்த காலத்தில் உண்ணி ஏறும். மாலையில் காலுறை மடிப்புகளைப் பாருங்கள்.

5. அடுக்கைக் கண்டுபிடியுங்கள்

இந்த மலை எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட். இரண்டு குழம்புப் பாய்ச்சல்களுக்கு இடையே இருந்த ஓய்வுக் காலத்தில் ஏரியும் சதுப்பும் உண்டாயின. மரங்கள் அங்கே விழுந்து சேற்றில் மூழ்கின. அடுத்த குழம்பு மேலே வந்து மூடியது. எனவே மரம் இருப்பது கரும்பாறைக்குள் அன்று, இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய களிமண், சாம்பல் அடுக்கில். பசால்ட்டையே உடைத்துக்கொண்டிருப்பவர் நாள் முழுக்க வெறுங்கையோடு நிற்பார்.

சரிவின் அடிவாரத்தில் தொடங்குங்கள். மழைநீர் அரித்த ஓடைத் தடங்களில் வெளுத்த சிறு துண்டுகள் கிடக்கும். சேகரிப்பவர்கள் இதை ஃப்ளோட் என்பார்கள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் அந்த இடத்தில் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். துண்டுகள் தொடர்ந்து கிடைத்துவந்து, ஒரு மட்டத்துக்கு மேல் அடியோடு நின்றுவிடும். மரம் இருக்கும் அடுக்கு அந்த மட்டத்தில்தான், அல்லது அதற்குச் சற்று மேலே.

துண்டின் விளிம்பும் பேசும். உருண்டு மழுங்கியிருந்தால் தூரத்திலிருந்து வந்தது. கூராக இருந்தால் மூலம் பக்கத்தில்.

மட்டம் தெரிந்ததும் மேல்நோக்கிப் போவதை நிறுத்தி, அதே உயரத்தில் சரிவைச் சுற்றிப் பக்கவாட்டில் நடங்கள். அடுக்கு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீளும் என்பதால் இதுதான் குறுக்கு வழி. கரும்பாறைக்கு அடியில் மஞ்சள் அல்லது வெளிர்சாம்பல் நிற மண் தெரியும் இடங்களையும், முன்பு யாரோ தோண்டிவிட்டுப்போன குழிகளையும் பாருங்கள். பழைய குழியின் மண்மேட்டைச் சலித்தாலே நல்ல துண்டுகள் கிடைப்பதுண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே.

6. தோண்டும் முறை

முதலில் மேலே பாருங்கள். களிமண்ணை நீங்கள் தோண்டத் தோண்ட, தலைக்குமேல் இருக்கும் பசால்ட் பாளங்களுக்கு அடியில் பிடிமானம் போய்க்கொண்டே இருக்கும். அவை எச்சரிக்கை தராமல் இறங்கும். பாறைக்கு அடியில் குகைபோலக் குடைந்து உள்ளே நுழைவது இந்தப் பொழுதுபோக்கில் உயிர்போகும் வழி. யாரோ குடைந்து வைத்த துளைக்குள்ளும் நுழையாதீர்கள்.

சரியான முறை, மேலிருந்து கீழாகப் படி வெட்டி இறங்குவது. தளர்ந்த கற்களை முதலில் கடப்பாரையால் தள்ளிவிடுங்கள். கீழே ஆள் இல்லை என்று பார்த்த பிறகு. பிறகு மேல்மண்ணை ஒரு பக்கமாகக் குவித்து, இடுப்பளவு ஆழத்துக்குள் நிறுத்துங்கள். தனியாகப் போகாதீர்கள்.

மண்வெட்டி கல்லில் பட்டால் சத்தத்தைக் கேளுங்கள். பசால்ட் மந்தமாக ஒலிக்கும். சிலிக்கா கல் கண்ணாடிபோல் கணீரென்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இனி ஸ்க்ரூடிரைவரும் பிரஷும்தான்.

புதியவர்கள் கை பரபரக்கத் தவறுவது இந்த நேரத்தில். ஒரு முனை தெரிந்தவுடன் கடப்பாரையை நுழைத்து நெம்புகிறார்கள். மரம் மண்ணுக்குள் ஏற்கெனவே குறுக்கே பல இடங்களில் வெடித்திருக்கும். களிமண்தான் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நெம்பினால் எல்லாம் கலைந்து, எது எதோடு பொருந்தும் என்றே தெரியாது. சுற்றிலும் மண்ணை நீக்கி முழு நீளமும் தெரிந்த பிறகு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் 1, 2, 3 என்று எண்ணும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போட்டு, அதன் பிறகு ஒரு முனையிலிருந்து வரிசையாக எடுங்கள்.

எடுத்த உடனே தண்ணீர் தெளித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, உறையில் போட்டு, நிழலில் வையுங்கள். ஒட்டியிருக்கும் களிமண்ணைக் களத்தில் கழுவ வேண்டாம். அதுவே ஈரத்தைக் காக்கும்.

7. குழியை மூடுங்கள்

திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தோண்டுவதை நிறுத்துங்கள். குவித்த மண்ணை அதே குழியில் தள்ளி, மிதித்து, மேல்மண்ணை மேலே பரப்புங்கள். சூழலுக்குச் சேதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. திறந்த குழியில் கால்நடை விழும், அடுத்து வருபவர் விழுவார், புகார் பெருகினால் இடத்தையே மூடிவிடுவார்கள். மேற்கு மாநிலங்களில் கல் எடுக்க மிஞ்சியிருக்கும் இடங்கள் ஏராளம் இல்லை. குழியை மூடாமல் போகிறவர்மேல் எங்களுக்குக் கோபமே வரும்.

8. ஓபலா, குவார்ட்ஸா: வீட்டில் சோதித்தல்

ஒரே அடிமரத்தில் ஒரு பக்கம் ஓபலாகவும் மறுபக்கம் கால்செடனியாகவும் இருக்கலாம். அடுத்த படியில் எவ்வளவு கவனம் தேவை என்பது இதைப் பொறுத்தது.

கடினம்: கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் ஓபல் 5.5 முதல் 6.5. குவார்ட்ஸ் 7. மறைவான ஒரு மூலையில் குவார்ட்ஸ் முனையால் கீறுங்கள். கோடு விழுந்தால் ஓபல்.

அடர்த்தி: இதுவே நம்பகமான சோதனை. சமையலறை மின்தராசு போதும். கல்லை இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து எடை பாருங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள். 210 கிராம் கல்லுக்குத் தராசு 100 காட்டினால் அடர்த்தி 2.1, அது ஓபல். 2.6 பக்கம் வந்தால் குவார்ட்ஸ். இடையில் வந்தால் கலவை, அதை ஓபலாகவே நடத்துங்கள். ஊறவைக்காமல் செய்தால், நுண்துளைகளுக்குள் இருக்கும் காற்று எண்ணைக் குறைத்துக் காட்டும்.

9. மெதுவாகக் காயவையுங்கள்

ஓபலின் எடையில் பொதுவாக 3 முதல் 10 விழுக்காடு நீர். மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே இருந்தால், வெளிப்புறம் இழுபட்டு வலைபோல வெடிக்கும். வெடித்ததை ஒட்டவைக்க வழியில்லை.

களிமண்ணை மிருதுவான பிரஷால் கழுவி, ஈரச் செய்தித்தாளில் மீண்டும் சுற்றி, உறையில் போட்டு வாயை முழுக்க மூடாமல் இருட்டான அறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட ஈரம் குறைவாக. கூடவே எடையும் எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் வெளியே எடுக்கலாம். கை அளவுத் துண்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். பெரியவற்றுக்கு இன்னும் கூடும். அடுப்பு, ஹேர் டிரையர், வெயில், வண்டியின் பின்கண்ணாடி நான்கும் எதிரி.

நெவாடாவின் வர்ஜின் பள்ளத்தாக்கில் கிடைக்கும் வண்ண ஓபல் மரம் இதைவிட அதிகம் வெடிக்கும். அதனால்தான் பலர் அதைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். வண்ணம் மின்னும் மரம்தான் வேண்டுமென்றால் டீனியோ ஊருக்கு அருகே ராயல் பீகாக் போன்ற கட்டணச் சுரங்கங்கள் கோடையில் திறந்திருக்கும்; சுரங்கத்தார் காட்டும் மேட்டில் கிளறிக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். சுற்றியுள்ள ஷெல்டன் வனவிலங்குச் சரணாலயத்தில் தோண்டக் கூடாது.

10. அறுத்து மெருகேற்றுதல்

காய்ந்து நிலைத்த பிறகே அறுக்க வேண்டும். வைர வாளில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றுங்கள்; ஓபல் எண்ணெயை உறிஞ்சிக் கறைபடும். வளையங்கள் தெரிய வேண்டுமானால் குறுக்கே, நார் ஓட்டம் தெரிய வேண்டுமானால் நீளவாக்கில் அறுக்கலாம். வாளை அழுத்தாதீர்கள், சூடு ஏறினால் விரிசல்.

தேய்ப்புக்கு 280, 600, 1200, 3000 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு வரிசையாகப் போங்கள். ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் மெருகில் வெளியே தெரியும். கடைசியாகக் கம்பளித் தட்டில் சீரியம் ஆக்ஸைடு என்னும் மெருகுத் தூள், குறைந்த வேகம், எப்போதும் ஈரம். கல் கன்னத்தில் வைக்க இதமாக இருக்கும் சூட்டைத் தாண்டினால் நிறுத்தி ஆறவிடுங்கள்.

சிலிக்காத் தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். உலர்வாக ஒருபோதும் அறுக்க வேண்டாம், பி100 வடிகட்டி முகமூடி அணியுங்கள், சிதறிய சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.